கைறுன்னிஸாவின் பகல் அடுப்பு

நோன்பு மாதத்தில் அந்தத் தெருவில் பகல் பன்னிரண்டு மணிக்கு அடுப்பு எரியும் வீடு ஒன்றுதான். கைறுன்னிஸாவின் வீடு. முன்கதவு சாத்தியிருக்கும். பின்கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கும். அன்றைக்கு நோன்பு இல்லாத பெண்கள் பலாமரத்தடி வழியாக, கையில் ஒரு பேசினோடு, துணி துவைக்கப் போகிறவர்களைப்போல நடந்து வந்து அந்தக் கதவுக்குள் மறைவார்கள். அரை மணித்தியாலம் கழித்து அதே பேசினோடு திரும்புவார்கள். பேசினில் ஒரு துணியும் நனைந்திருக்காது.

மாதவிலக்கு நாளில் பெண்களுக்கு நோன்பு கிடையாது. விட்ட நோன்பைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம். இது எல்லோருக்கும் தெரிந்த சட்டம். ஆனால் மாமனாரும் மைத்துனரும் வறண்ட உதட்டோடு நடமாடும் வீட்டில் ஒருத்தி உட்கார்ந்து சோறு தின்ன முடியாது. தின்றால் அவளுக்கு இன்று என்ன நாள் என்று பூனை முதற்கொண்டு அறிந்துவிடும். ஆகவே பெண்கள் குளியலறையில் வாழைப்பழம் தின்றார்கள். அலுமாரிக் கதவுக்குப் பின்னால் நின்று பிஸ்கட்டைச் சத்தம் வராமல் ஊறவைத்து விழுங்கினார்கள். கைறுன்னிஸாதான் இதற்கு ஒரு முடிவு கட்டினாள். அவள் வீட்டில் மாமனார் இல்லை. கணவர் ஸஹாப்தீன் காலையிலேயே மிளகு வாங்க லொறியில் போய்விடுவார். மூத்தவன் அம்ஹர் கட்டாரில். சின்னவர்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில். யட்டவத்தையிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம் உள்ளே, மிளகுக்கொடிக்கும் சாதிக்காய் மரத்துக்கும் நடுவில், அதைவிட நல்ல மறைவு கிடைக்காது.

பகல் அடுப்புக்கு மூன்று சட்டங்கள் இருந்தன. வாயைக் கொப்புளித்துவிட்டுத்தான் வெளியேற வேண்டும். கருவாடு பொரித்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும். யார் வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று உள்ளேயும் கேட்கக் கூடாது, வெளியேயும் சொல்லக் கூடாது. மூன்றாவது சட்டத்தால் அதிகம் நன்மை அடைந்தவள் ஹுஸ்னியின் உம்மா. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அவளுக்கு இன்னும் நாள் வருகிறதா, அல்லது பசிதான் வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

அடுப்புக்குத் தலைவி கைறுன்னிஸா என்பதில் போட்டி இருக்கவில்லை. அவளைப்போல யாரும் இரத்தம் சிந்தியதில்லை. மூன்றாவது பிள்ளைக்குப் பிறகு தொடங்கியது. மாதத்தில் பதினைந்து நாள் ஓடும். பதினைந்துக்கு மேல் ஓடினால் அது நோய் இரத்தம், நோன்பு பிடிக்கலாம் என்று மௌலவி சொல்லியிருந்தார். பதினாறாம் நாள் அவள் நோன்பு பிடித்தாள். பத்து மணிக்குக் கிணற்றடியில் விழுந்தாள். பன்னிரண்டு வருஷம் கறுப்புப் பாவாடையே கட்டினாள். மாத்தளைக்கு பஸ்ஸில் போகும்போது மடித்த ஒயில் துணி ஒன்றைக் கைப்பைக்குள் கொண்டுபோய் இருக்கையில் விரித்து உட்காருவாள். கல்யாண வீடுகளில் வெள்ளை உறை போட்ட கதிரையைக் கண்டால், முதுகு வலிக்கிறது என்று சொல்லி நின்றுகொண்டே சாப்பிடுவாள். முதுகுவலிக்கு அவளுக்கு மூன்று பேர் எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நாற்பத்தொரு வயதில் பெரியாஸ்பத்திரியில் இரண்டு பைந்து இரத்தம் ஏற்றினார்கள். கட்டி இல்லை, புற்றுநோய் இல்லை, சும்மாதான் ஓடுகிறது என்றார் டொக்டர். மாத்திரை கேட்கவில்லை. உள்ளே வைத்த வளையம் இரண்டு மாதத்தில் இரத்தக் கட்டியோடு வெளியே வந்து விழுந்தது. கர்ப்பப்பையை எடுக்கலாம், அல்லது அதன் உள்தோலை மட்டும் சுடலாம் என்றார்கள். சுட்டால் அடுத்த நாளே வீட்டுக்குப் போகலாம் என்றதும் அவள் சுடுவதைத் தெரிந்தெடுத்தாள். சாதிக்காய் காய்கிற பருவம். மழை வந்தால் அள்ள ஆளில்லை.

திரும்பி வந்து அடுப்படியில் விளக்கம் சொன்னாள்.

"பலூன் ஒண்ட உள்ளுக்கு விட்டு, அதுக்குள்ள சுடுதண்ணிய ஊத்தி, எட்டு நிமிஷம் வெச்சாங்களாம்."

"எட்டு நிமிஷமா? முட்டை அவிக்கிற மாதிரி" என்றாள் பர்ஸானா. அடுத்த வீட்டு மருமகள், இருபத்தாறு வயது, வாய்க்கு மட்டும் வயது கூட.

"அரை அவியல் இல்ல புள்ள. நல்லா அவிஞ்சிட்டு."

டொக்டர் சொன்ன மற்றதையும் அவள் கேட்டுத்தான் இருந்தாள். சிங்களம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஒரு சொல்லும் தவறவில்லை. இது பிள்ளை நிற்காமல் இருக்கச் செய்கிற சத்திரசிகிச்சை அல்ல என்றார் அவர். அபூர்வமாகத் தங்கும், தங்கினால் உங்களுக்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து, மாதவிலக்கு வயது முடியும்வரை பாதுகாப்பு வேண்டும் என்றார். குழாயைக் கட்டிவிடலாமா என்று கேட்டார். நிரந்தரமாகக் கட்டுவது மார்க்கத்தில் சரியா என்று அவளுக்குச் சந்தேகம். அப்படியானால் கணவருக்குச் சின்னதாக ஒன்று செய்யலாமே என்றார். ஸஹாப்தீனுக்கு உடனே கலேவெலயில் மிளகு ஏற்ற வேண்டிய வேலை ஒன்று ஞாபகம் வந்தது. எழுந்து போய்விட்டார்.

ஆறு வாரத்தில் இரத்தம் அடியோடு நின்றது. எல்லோருக்கும் அப்படி நிற்பதில்லை, அவளுக்கு நின்றது. கைறுன்னிஸா மாத்தளைக்குப் போய் வெள்ளைப் பாவாடை ஒன்று வாங்கினாள். தேவையே இல்லாமல் இரண்டு கல்யாண வீடுகளுக்குப் போய் வெள்ளைக் கதிரையில் உட்கார்ந்தாள். அந்த வருஷம் முப்பது நோன்பும் பிடித்தாள். பகல் அடுப்பையும் விடவில்லை. தான் தின்னாமல் மற்றவர்களுக்கு ஆக்கிப் போட்டாள். உப்பு மட்டும் சரிவரவில்லை. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்பலாம் என்று சட்டம் இருந்தும் அவள் வைத்துப் பார்க்கவில்லை. முப்பதும் முழுசாக வேண்டும் என்ற வீறாப்பு.

"மாமி, உங்கட நோன்பு எங்கட கறியில தெரியுது" என்றாள் பர்ஸானா.

*

அவளுடைய மகிழ்ச்சிக்கு ஒரே இடைஞ்சல் கிருஷாந்தினி. அந்தப் பகுதியின் குடும்பநல மருத்துவிச்சி. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள். சிவப்பு ஸ்கூட்டியில் வருவாள். தடித்த பதிவேடு ஒன்றை மடியில் வைத்துக்கொள்வாள். அதில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கட்டம். பிள்ளை பெறும் வயதில் இருக்கிற பெண் என்ன பாதுகாப்பு எடுக்கிறாள் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் எழுத வேண்டும்.

"உங்க கட்டத்துல என்னக்கா எழுத?"

"ஒண்டும் எழுத வேணா. கோடு கீறி மூடிவிடுங்க மிஸ்."

"மூடுறதுன்னா ஒன்னு வயசு முடியணும். இல்லாட்டி கர்ப்பப்பை இருக்கக் கூடாது. ரெண்டுமே உங்களுக்குப் பொருந்தல்லையே."

"இரிக்கி, ஆனா அது சுட்ட சட்டி. சுட்ட சட்டியில என்ன மிஸ் மொளைக்கும்?"

"ஓரத்துல, மூலையில சுடுபடாத தோல் மிச்சம் இருக்கும். முட்டை வர்றதும் நிக்கல்ல. தங்குனா பெரிய கரைச்சல்க்கா. உங்க உசுருக்கே கரைச்சல்."

"ரத்தமே வராத எடத்துல புள்ள எப்பிடி வரும்?"

"அதுதான் ஆபத்தே. மத்தவங்களுக்கு நாள் தள்ளிப்போனா தெரியும். உங்களுக்குத் தள்ளிப்போக நாளே இல்லையே."

கைறுன்னிஸா சிரித்து, சாதிக்காய் ஜாமும் தேத்தண்ணியும் கொடுத்தாள். கிருஷாந்தினி ஜாமைத் தின்றுவிட்டு, கட்டத்தில் "ஆணுறை" என்று எழுதி, அதற்குரிய சின்னப் பக்கெட்டுகளை எண்ணி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். இப்படி ஒன்றரை வருஷம் போனது. ஒவ்வொரு முறையும் ஒருத்தி மூடு என்பாள். மற்றவள் மூட மாட்டேன் என்பாள். ஜாம் மட்டும் குறையவில்லை.

பக்கெட்டுகள் என்ன ஆயின என்பதைக் கிருஷாந்தினி தற்செயலாகக் கண்டுபிடித்தாள். ஒரு நாள் கைகழுவப் பின்பக்கம் போனாள். தண்ணீர்க் குழாய் வளைகிற இடத்தில் ஏதோ இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தது. குனிந்து பார்த்தாள். அரசாங்கச் சாமான். மூன்று அடுக்கு.

"அது அம்ஹர்ட வாப்பாட வேல" என்றாள் கைறுன்னிஸா. "மிச்சம் நல்ல ரபர் மிஸ். ரெண்டு மாசமா ஒரு சொட்டு ஒழுகல்ல."

"குழாய்க்குத்தான் பாதுகாப்பா?"

"எனக்கு வேணாந்தானே."

கிருஷாந்தினி அன்றைக்கு ஜாம் தின்னவில்லை.

*

அடுத்த நோன்பின் பதினோராம் நாள் பகல் கைறுன்னிஸா கட்டாக் கருவாடு பொரித்தாள். நோன்போடுதான் இருந்தாள். ஜன்னலைச் சாத்தி, எண்ணெயில் முதல் துண்டைப் போட்டதும் அகப்பையைக் கீழே வைத்தாள். நிதானமாகத்தான் வைத்தாள். பிறகு பின்கதவால் ஓடினாள். வாழை மரத்தடியில் ஓங்கரிக்கும் சத்தம் மூன்று தரம் கேட்டது.

திரும்பி வந்தபோது ஒருத்தரும் சாப்பிடவில்லை. நான்கு பெண்கள் சோற்றுக் கோப்பையில் கை வைத்தபடி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நோன்பு வகுறு. கேஸ்" என்றாள் அவள்.

"போன கெழமையும் கேஸ்" என்றாள் பர்ஸானா.

"மத்தியானத்தில நீங்க நித்திர கொண்டத நான் இந்தத் தெருவில கண்டதே இல்ல. இப்ப ஒவ்வொரு நாளும் கொள்றீங்க" என்றாள் ஹுஸ்னியின் உம்மா. அவளுக்கு ஏழு பிள்ளைகள். இந்த விஷயத்தில் அவள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை.

"உங்களுக்கு மூள பெரண்டிட்டா? என்ட உள்ளுக்கு ஒண்டுமில்ல. அவிஞ்சிட்டு."

"அப்ப பாத்திடுவமே" என்றாள் பர்ஸானா.

கைறுன்னிஸாவுக்குக் கோபம் வந்தது. பன்னிரண்டு வருஷம் இவர்களுக்கு ஆக்கிப் போட்ட கை. அந்தக் கோபத்திலேயே போனை எடுத்து, தானாகவே, கிருஷாந்தினிக்கு அழைத்தாள்.

"மிஸ், இஞ்ச சோதிக்கிற குச்சி ஒண்டு கொண்டு வாங்க. கோடு ஒண்டு வந்திச்சிண்டா என்ட கட்டத்த அண்டைக்கே மூடோணும். நாலு பேர் சாட்சி இரிக்காங்க."

அடுத்த நாள் பதினொரு மணிக்கு ஸ்கூட்டி வந்தது. கைறுன்னிஸா தேத்தண்ணிக் கோப்பை ஒன்றைத் தலை நிமிர்த்திக் கொண்டுபோய், அதே மாதிரி கொண்டுவந்து மேசையில் வைத்தாள். அந்தக் கோப்பையில் இனி யாருக்கும் தேத்தண்ணி இல்லை என்றாள் ஹுஸ்னியின் உம்மா. கிருஷாந்தினி குச்சியை நனைத்து வைத்தாள். ஐந்து தலைகள் குனிந்தன.

ஒரு கோடு வந்தது. கைறுன்னிஸா நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பர்ஸானாவின் முகம் மாறியது.

"இது பழைய சாமான். திகதியப் பாருங்க மிஸ்" என்றாள் கைறுன்னிஸா.

கிருஷாந்தினி திகதியைக் காட்டினாள். பிறகு பையிலிருந்து இரண்டாவதை எடுத்தாள். அதிலும் இரண்டு கோடு.

"ரெண்டும் பழசா இரிக்க ஏலா" என்றாள் ஹுஸ்னியின் உம்மா.

யாரும் சிரிக்கவில்லை. ஒன்றரை வருஷமாக வாதாடி வென்ற கிருஷாந்தினி, வென்ற முகத்தோடு இருக்கவில்லை. கைறுன்னிஸாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கே ஸ்கான் எடுக்கணும்க்கா. மொதல்ல அது உள்ளதான் தங்கியிருக்கா, வெளிய குழாயில தங்கியிருக்கான்னு பாக்கணும். குழாயில இருந்தா வெடிச்சிரும். வகுறு குத்துனா, தோள் வலிச்சா, மயக்கம் வந்தா ஒரு நிமிஷமும் நிக்காதீங்க. நோன்ப விட்டுருங்க."

அன்றைக்கு மஃரிபுக்குச் சற்று முன்னால் ஸஹாப்தீன் பேரீச்சம்பழத்தைக் கோப்பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். கைறுன்னிஸா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"அம்ஹர்ட வாப்பா."

"ஓ."

"குழாய நீங்க நல்லாத்தான் பாதுகாத்தீங்க. ஒரு சொட்டு ஒழுகல்ல."

"ஓ. இன்னம் ஆறு மாசம் தாங்கும்."

"என்னத்தான் விட்டுட்டீங்க."

பாங்கு சொல்லும்வரை அவருக்கு விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த பேரீச்சம்பழத்தைக் கொட்டையோடு விழுங்கிவிட்டார்.

*

பிள்ளை கர்ப்பப்பைக்குள்தான் இருந்தது. எட்டு வாரம். ஸ்கான் திரையில் ஒரு பயற்றங்கொட்டை மின்னி மின்னித் துடித்தது. பலூன் வைத்த அதே டொக்டர். நான் அன்றைக்கே சொன்னேன் அல்லவா என்று அவர் சொல்லவில்லை. அதற்காகவே கைறுன்னிஸாவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"எத்தன பேருக்கு டொக்டர் இப்பிடி வரும்?"

நூறு பேரில் ஒருத்திக்குக்கூட வராது என்றார்.

"அந்த ஒருத்தி எங்கட தெருவில இரிக்கோணுமா?"

டொக்டர் சிரித்துவிட்டு, கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார். இது பாதியில் கலையலாம். இப்படித் தங்குகிறவற்றில் நிறையக் கலைகின்றன. கலையாவிட்டால் பிள்ளை சின்னதாக வளரலாம். நாள் முடியுமுன் பனிக்குடம் உடையலாம். எல்லாவற்றையும்விட அவர் பயப்படுவது நஞ்சுக்கொடிக்குத்தான். அது ஒட்டிப் பிறகு கழன்று வருவதற்கு உள்ளே ஒரு மெத்தை வேண்டும். அந்த மெத்தையைத்தான் சுட்டிருக்கிறது. மெத்தை இல்லாவிட்டால் கொடி நேரே சதைக்குள் வேர் விடும்.

கைறுன்னிஸா யோசித்தாள்.

"மிளகுக்கொடி மாதிரி" என்றாள். "கிளிசிறியா மரத்தில ஏறினா வேரால புடிச்சிக்கொள்ளும். இழுத்தா மரத்துப் பட்டையும் சேந்து வரும்."

சரியாக அதுதான் என்றார் டொக்டர். இழுத்தால் இரத்தம் நிற்காது. ஆகவே இழுக்க மாட்டோம். நாள் பார்த்து வயிற்றை வெட்டிப் பிள்ளையை எடுப்போம். கொடி வராவிட்டால் கர்ப்பப்பையோடு சேர்த்து எடுப்போம். இரத்தம் தயாராக இருக்கும். இடையில் உங்கள் உயிருக்கு ஆபத்து வந்தால் முதலில் உங்களைத்தான் காப்பாற்றுவோம், அதில் எங்களுக்கு இரண்டு பேச்சில்லை என்றார்.

வெளியே வந்து மருந்து வரிசையில் நின்றபோதுதான் அவளுக்குப் பயம் வந்தது. பன்னிரண்டு வருஷம் இரத்தத்தோடு குடித்தனம் நடத்தியவள். இரத்தம் அவளுக்குப் புதிதல்ல. ஆனால் அதெல்லாம் சொட்டுச் சொட்டாகப் போனது. ஒரே நாளில் எல்லாம் போய்விடலாம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சின்னவனுக்குப் பதினாலு வயது. அவனுக்கு இன்னும் முட்டை உடைக்கத் தெரியாது.

*

அடுத்த நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு அவள் சொந்த அடுப்படியில் தின்கிறவளாக உட்கார்ந்தாள். அன்றைக்குப் பின்கதவால் ஒன்பது பேர் வந்தார்கள். ஒன்பது பேருக்கும் ஒரே நேரத்தில் நோன்பு இல்லாமற்போனது எப்படி என்று யாரும் கேட்கவில்லை. பர்ஸானா ஈரல் ஆக்கியிருந்தாள். ஹுஸ்னியின் உம்மா முருங்கைக்கீரை கொண்டுவந்திருந்தாள்.

"தின்னுங்க. உப்பு சரியா எண்டு செல்லுங்க" என்றாள் பர்ஸானா.

"கூட."

"நல்லது. ரெண்டு வருஷம் நீங்க எங்களுக்குத் தந்தது இப்ப விளங்குதா?"

மூன்றாவது சட்டம் அந்த வருஷம்தான் தன் முழு வலிமையைக் காட்டியது. பெருநாள் வந்து போனது. நாலாம் மாதம் போனது, ஐந்தாம் மாதம் போனது. தெருவில் பதினேழு பெண்களுக்குத் தெரியும். ஸஹாப்தீனைத் தவிர ஓர் ஆணுக்கும் தெரியாது. கலைந்துவிடக்கூடிய ஒன்றுக்கு வாழ்த்து வாங்கக் கூடாது என்று கைறுன்னிஸா சொல்லியிருந்தாள். அவள் அகலமான அபாயாவுக்கு மாறினாள். அவள் சதை போட்டுவிட்டாள், இரத்தம் நின்றதால் உடம்பு தேறிவிட்டது என்று பள்ளிவாசல் திண்ணையில் பேசிக்கொண்டார்கள். ஸஹாப்தீன் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தார். தனக்குத் தெரியும் என்பது மற்ற ஆண்களுக்குத் தெரியாமல் நடப்பதுதான் அவருக்கு வாழ்க்கையிலேயே கடினமான வேலையாக இருந்தது.

ஏழாம் மாத ஸ்கானில் கொடி இடது மூலையில் சதைக்குள் இறங்கியிருப்பதுபோல் தெரிகிறது என்றார்கள். கிருஷாந்தினி அதைக் கேட்டுக்கொண்டு திரும்பிய வழியில் பகல் அடுப்புக்கு வந்தாள். நோன்பு மாதம் இல்லை. இருந்தாலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவளும் பர்ஸானாவும் பத்து நிமிடம் குசுகுசுத்தார்கள்.

மூன்று வாரத்தில் பள்ளிக்கூட மண்டபத்தில் இரத்ததான முகாம் நடந்தது. வழக்கமாகப் பத்துப் பேர் வந்தாலே அதிகம். அன்றைக்கு அறுபத்து நான்கு பேர் வந்தார்கள். எல்லோரும் கல்யாணம் முடித்த ஆண்கள். ஏன் வந்தோம் என்று அவர்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. இரத்தம் கொடுத்துவிட்டு வந்தால்தான் தேத்தண்ணி என்று மனைவிமார் காலையிலேயே அனுப்பியிருந்தார்கள். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க மாட்டோம் என்று தாதிமார் பிஸ்கட் கொடுத்து உட்காரவைத்தார்கள். பர்ஸானாவின் கணவன் அன்ஸாப் ஊசியைக் கண்டதும் வெளிறினான்.

"யாருக்கு இது?"

"அல்லாஹ்வுக்கு" என்றாள் பர்ஸானா. "கைய நீட்டுங்க."

கையை நீட்டிவிட்டு மயங்கினான். அவனை வாங்கில் கிடத்தியபோது வாசலில் அபாயாவோடு நின்ற கைறுன்னிஸா வாயை முக்காட்டு நுனியால் மூடிக்கொண்டாள். இந்த இரத்தம் வங்கிக்குப் போகும், யாருக்கு வேண்டுமானாலும் போகும், தனக்கென்று பெயர் எழுதி வைக்க மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். பரவாயில்லை. பன்னிரண்டு வருஷம் தான் ஒருத்தியாகச் சிந்திய தெருவில் ஆண்கள் வரிசையில் நின்று சிந்துவதைப் பார்க்க ஒரு நாள் வந்ததே.

ஆஸ்பத்திரிக்குப் போகும் காலை அவள் பர்ஸானாவைக் கூப்பிட்டு, பின்கதவுச் சாவியைக் கையில் வைத்தாள்.

"என்னத்துக்கு மாமி?"

"நோன்பு வரும்."

"அதுக்கு இன்னம் அஞ்சு மாசம் இரிக்கி. நீங்க வந்திருவீங்க."

"வந்தாத் திருப்பித் தா. வராட்டி கருவாடு பொரிக்கக்கொள்ள ஜன்னலச் சாத்து. ஹுஸ்னிட உம்மாக்கிட்ட வயசக் கேக்காத."

பர்ஸானா சாவியை வாங்கினாள். முக்காட்டு நுனியில் முடிந்துகொண்டாள்.

முப்பத்தைந்தாவது வாரத்தில், பகல் பதினொரு மணிக்கு, பெண் பிள்ளையை எடுத்தார்கள். ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். கொடி மூன்று பக்கம் கழன்று வந்தது. இடது மூலையில் வரவில்லை. டொக்டர் இழுக்கவில்லை. கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்தார். ஆறு பைந்து இரத்தம் ஏறியது. மூன்றாம் நாள் கண் தெளிந்து பேசத் தொடங்கியபோது, அந்த ஆறு பைந்தில் அன்ஸாபுடையது இருந்தால் தனக்கும் அடிக்கடி மயக்கம் வருமா என்று கைறுன்னிஸா தாதியிடம் கேட்டாள்.

பிள்ளைக்கு நஸ்ஹா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது. தெருவில் அவளை ஹுஸ்னியின் உம்மா கூப்பிடுகிற பெயர் பலூன்.

*

ஆறு வாரம் கழித்துக் கிருஷாந்தினி வந்தாள். பலூனைத் தராசில் போட்டாள். இரண்டு கிலோ தொள்ளாயிரம். காயத்தைப் பார்த்தாள். பிறகு மேசையருகே உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்து, கைறுன்னிஸாவின் பக்கத்தைத் தேடி எடுத்தாள். பையிலிருந்து சிவப்புப் பேனையும் கோடு கீறும் அடிமட்டமும் வந்தன.

"மூடுறேன்க்கா."

கைறுன்னிஸா பிள்ளையோடு வந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் கேட்டுக்கேட்டுச் சலித்த கோடு. நாலு விரல் நீளம்கூட இல்லை.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கு ரெண்டு குச்சி, நாலு கோடு, ஆறு பைந்து ரத்தம். நீங்க மொதல்லயே கீறியிருந்தா?"

"மொதல்லயே கீறியிருந்தா அன்னைக்கு என்னைக் கூப்புட்டிருப்பீங்களா?"

கைறுன்னிஸா ஜாம் போத்தலைத் திறந்து பெரிய கரண்டியாக இரண்டு கரண்டி கோப்பையில் போட்டு மிஸ்ஸின் முன்னால் வைத்தாள். கிருஷாந்தினி தின்றாள். பின்கதவுச் சாவி மறுபடியும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போது பின்பக்கத்திலிருந்து ஸஹாப்தீன் வந்தார். சாரத்தின் முன்புறம் நனைந்திருந்தது.

"மிஸ்" என்றார். "அந்தப் பக்கெட் இன்னம் குடுக்கிறீங்களா? வளைவில திரும்ப ஒழுகுது."

கிருஷாந்தினி பதிவேட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

"உங்க வீட்டுக்கு இனிக் கெடையாதுங்க நானா. யட்டவத்த சந்தியில ஹாட்வெயார் கடை இருக்கு."